ஈயத்தின் கணக்கு

ஆஸ்திரிய நாட்டுத் தலைநகராகிய வியன்னாவில், 1878-ஆம் ஆண்டு, ஒரு யூத வழக்கறிஞரின் மகளாகப் பிறந்தவர் லீஸ் மைட்னர் அம்மையார். அக்காலத்தில் அங்கே பெண்களின் படிப்பு 14 வயதோடு முடிந்துவிடும். 1897-இல்தான் பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்குத் திறந்தது. எட்டாண்டுப் பாடங்களை இரண்டே ஆண்டுகளில் வீட்டிலிருந்தபடியே படித்து, 1901-இல் நுழைவுத் தேர்வில் வென்றார். 1906-இல் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

மறு ஆண்டு பெர்லின் சென்று, ஆட்டோ ஹான் என்னும் வேதியியலாருடன் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த நிறுவனத்தில் பெண்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே கீழ்த்தளத்திலிருந்த தச்சுக்கூடமே அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று. மாடிப்படி ஏறக் கூடாது, சம்பளமும் கிடையாது. 1912-இல்தான் முதன்முதலாக ஊதியம் வந்தது. 1917-இல் ஒரு பௌதிகப் பிரிவுக்கே தலைவரானார்.

அணுப்பிளவைக் கண்ட அம்மையார் என்றே பலரும் இவரை அறிவர். ஆனால் அதற்கு முன் அவர் செய்த ஒரு வேலையைப் பற்றி நம் மாணவியர் அவ்வளவாகக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

தடித்த திரையிட்டால் விளக்கொளி மங்குகிறதல்லவா? காமாக் கதிர்களும் அப்படியே. எந்தப் பொருள், எவ்வளவு தடிப்பு, எவ்வளவு அடர்த்தி என்பதைப் பொறுத்து அவை உட்கவரப்படும். எலெக்ட்ரான்கள் இக்கதிர்களை எவ்வாறு சிதறடிக்கும் என்று கணக்கிட 1929-இல் கிளைன், நிஷினா என்ற இருவர் ஓர் அழகிய சூத்திரம் தந்தனர். மைட்னர் 1930-இல் ஹுப்ஃபெல்டு என்பவருடன் சேர்ந்து அதைச் சோதித்தார். தோரியத்திலிருந்து வரும் ஆற்றல்மிக்க காமாக் கதிர்களைப் பல தனிமங்களின் வழியே செலுத்தி அளந்தார். இலேசான தனிமங்களில் கணக்கு அப்படியே ஒத்துவந்தது. ஈயத்திலோ உதைத்தது! சூத்திரம் சொன்னதைவிட அதிகமான கதிர் ஈயத்துக்குள் மறைந்தது.

அளவில் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். சூத்திரத்துக்கு இணங்க எண்ணைச் சற்றுத் திருத்தியுமிருக்கலாம். அம்மையார் கண்டதைக் கண்டபடியே வெளியிட்டார். அணுக்கருவே கதிரைச் சிதறடிக்கிறது போலும் என்று அவர் ஊகித்தார். அந்த ஊகம் நிலைக்கவில்லை, அளவு நிலைத்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் சாவ் சுங்-யாவ் என்ற சீன இளைஞரும் ஈயத்தில் இதே மிகுதியைக் கண்டார். 1932-இல் பாசிட்ரான் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே புதிர் அவிழ்ந்தது. 10 இலட்சம் எலெக்ட்ரான்-வோல்ட்டுக்குச் சற்று மேற்பட்ட ஆற்றலுள்ள காமாக் கதிர், கனத்த அணுக்கருவின் அருகே மறைந்து, ஓர் எலெக்ட்ரானும் ஒரு பாசிட்ரானுமாக மாறிவிடுகிறது. ஈயம் விழுங்கிய மிகுதி இதுதான்.

இன்று மண்ணிலும் பாலிலும் உள்ள கதிரியக்கத்தைக் கணிப்பொறி கணக்கிட்டுச் சொல்கிறது. அதற்குள்ளே தனிமவாரியாக, ஆற்றல்வாரியாக உட்கவர்தல் அட்டவணைகள் இருக்கின்றன. ஒளிமின் விளைவு, சிதறல், இணை உண்டாதல் என மூன்று கணக்குகள் அவற்றில் அடங்கும். அம்மையாரின் ஈயம் காட்டியது மூன்றாவது கணக்கை. மாதிரிப் பொருளும் அதன் பாத்திரமும் விழுங்கிய கதிரை இவ்வட்டவணையைக் கொண்டே கணிப்பொறி ஈடுசெய்கிறது. அடர்த்தியையோ தடிப்பையோ ஒருவர் தவறாகப் பதிந்துவிட்டால், திரையில் வரைபடம் ஒழுங்காகவே தெரியும்; விடை மட்டும் பொய்யாகிவிடும். பாலில் எவ்வளவு நஞ்சு என்ற கேள்விக்கல்லவா அந்த விடை!

1938-இல் ஆஸ்திரியா ஹிட்லரின் கைக்குப் போனதும் அம்மையாருக்குப் பாதுகாப்பு இல்லாமற்போயிற்று. சிறு பெட்டியுடன் இரயிலேறி, ஹாலந்து வழியாக சுவீடன் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில், யுரேனியத்திலிருந்து பேரியம் வருகிறது என்று ஹான் கடிதம் எழுதினார். சகோதரியின் மகன் ஃபிரிஷுடன் பனியில் நடந்தவர், ஒரு மரக்கட்டையில் அமர்ந்து, துண்டுத்தாளில் கணக்கிட்டு, அணுக்கரு பிளந்திருக்கிறது என்று விளக்கினார். 1944-ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசோ ஹானுக்கு மட்டுமே தரப்பட்டது. இது நியாயமென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அணுகுண்டு வேலைக்கு அழைத்தபோது மறுத்துவிட்டார். 1968-இல் கேம்பிரிட்ஜில் காலமானார். இங்கிலாந்தின் பிராம்லி என்ற சிற்றூரில், தம்பி வால்டரின் கல்லறைக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.