புள்ளி புள்ளியாகப் படம் எழுதியவர்

சிவகாசியில் அச்சான ஒரு காலண்டரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முருகன் முகமும் மயில் தோகையும் மறைந்துவிடும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வெறும் புள்ளிகள்தான் தெரியும். கண்ணாடியை எடுத்தால் மறுபடியும் முருகன்! புள்ளிகளைச் சேர்த்துப் படமாக்குவது நம் கண்தான்.

இந்தக் கண் வித்தையை நம்பி, கையாலேயே புள்ளி வைத்துப் படம் எழுதினார் ஒருவர். அவர் பெயர் ஜார்ஜ் சூரா. (அச்சுக்காரர்கள் அவரிடம் கற்றவர்கள் அல்லர், அவர்கள் வந்த வழி வேறு.)

சூரா 1859-ல் பாரிஸ் நகரில் பிறந்தார். தகப்பனார் வசதியானவர். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. ஓவியப் பள்ளியில் படித்தார்.

செவ்ரூல் என்ற ரசாயன அறிஞரின் நூல் அவரைக் கவர்ந்தது. செவ்ரூல் ஒரு நெசவுச் சாலையில் சாயத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று அங்கே புகார் வந்தது. அவர் ஆராய்ந்தார். குற்றம் சாயத்தில் இல்லை. பக்கத்தில் இருந்த நிறத்தில்! ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பது அதன் அண்டை நிறத்தைப் பொறுத்தது என்று கண்டார்.

1884-ல், ஆற்றங்கரையில் குளிப்பவர்களைப் படமாக எழுதி, பாரிஸின் பெரிய கண்காட்சிக்கு அனுப்பினார் சூரா. வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். அவர் சோரவில்லை. அதே ஆண்டில் அடுத்த படத்தைத் தொடங்கினார்.

தீவிலே ஒரு ஞாயிறு

பாரிஸை ஒட்டி, சென் ஆற்றின் நடுவே கிராந்து ஜாத் என்ற தீவு உண்டு. ஞாயிறு வந்தால் நகரத்து மக்கள் அங்கே போய் மர நிழலில் உட்காருவார்கள், தூண்டில் போடுவார்கள். சூரா மாதக்கணக்கில் அங்கே போனார். மரம், குடை, நாய், நிழல் என்று தனித்தனியாக வரைந்து பார்த்தார். இந்த ஒத்திகைப் படங்கள் மட்டும் ஐம்பதுக்கு மேல்!

பிறகு பெரிய படம். அகலம் 10 அடி. உயரம் ஏறக்குறைய 7 அடி. வெயில் பட்ட புல்லிலே பச்சைக்கு நடுவே மஞ்சளும் ஆரஞ்சும் பொட்டுப் பொட்டாக வைத்தார். இரண்டு ஆண்டு உழைப்பு.

1886-ல் படம் காட்சிக்கு வந்தது. பலர் சிரித்தார்கள். ஆட்கள் மரப்பொம்மைபோல் நிற்கிறார்கள் என்றார்கள். கயிற்றில் குரங்கைப் பிடித்திருக்கும் சீமாட்டியைக் கண்டு கேலி செய்தார்கள். சூரா இருந்தவரை அந்தப் படத்தை யாரும் விலைக்கு வாங்கவில்லை.

1891 மார்ச் மாதம் திடீரென்று நோய் கண்டது. சில நாளில் இறந்துபோனார். வயது 31தான்! தமக்கு ஒரு துணைவியும் குழந்தையும் உண்டு என்பதைத் தாயாரிடம்கூடக் கடைசி நாட்களில்தான் சொல்லியிருந்தார். இரண்டே வாரத்தில் அந்தப் பச்சைக் குழந்தையும் போயிற்று.

1924-ல் அமெரிக்கர் ஒருவர் படத்தை வாங்கி, பின்னர் சிக்காகோ ஓவியக் கூடத்துக்குக் கொடுத்தார். 1958-ல் அதை நியூயார்க் காட்சிச்சாலைக்கு இரவல் அனுப்பியிருந்தார்கள். அங்கே தீப்பிடித்தது! வேறு படங்கள் கருகின. இதை அடுத்த கட்டிடத்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்தப் படத்தைச் சிக்காகோக்காரர்கள் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.