காணிச் சட்டம் கடக்கும் கதவுகள்: கார்ல் ஃபொன் ரொட்டெக்கின் வாழ்க்கை

ஜேர்மனியின் தென்மேற்கில், பிறைபேர்க் நகரத்தில இருக்கிற எங்கட ஆக்களுக்கு ரொட்டெக்றிங் எண்ட தெருவைத் தெரியாமல் இருக்காது. ட்ராம் ஓடுகிற பெரிய தெரு. அந்தப் பேருக்குரிய மனிதர் ஆர் எண்டு கேட்டால், இங்கே பிறந்து படிக்கிற எங்கட பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் தெரியாது. ஊர்க் காணி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறவர் அவர்தான். காணி உரிமையைத் தொடுகிற ஒரு சட்டம் பாராளுமன்றத்துக்குள்ளே எப்படிப் போகிறது, எங்கே சிக்குகிறது, கடைசியில என்ன விலையோட வெளியில வருகிறது என்பதை அவருடைய வாழ்க்கையில பார்க்கலாம்.

கார்ல் ஃபொன் ரொட்டெக் 1775ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் திகதி பிறைபேர்க்கில் பிறந்தார். தகப்பன் மருத்துவர், தாய் பிரெஞ்சுக்காரி. அப்போது அந்த நகரம் ஒஸ்திரிய ஹப்ஸ்பேர்க் அரசர்களின் கையில இருந்தது. சட்டம் படித்த ரொட்டெக், 23 வயதிலேயே பிறைபேர்க் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியரானார். பிறகு நெப்போலியன் வரைபடத்தை மாற்றி எழுத, அந்த நகரம் பாடன் என்ற அரசுக்குள்ளே போனது. அவர் வீட்டை விட்டு நகரவில்லை, ஆனால் நாடு மாறிவிட்டது. பல பாகங்களில் அவர் எழுதிய உலக வரலாறு படித்த நடுத்தரக் குடும்பங்களுக்குள்ளே பரவி, அவருடைய பேரை ஜேர்மன் பேசும் நாடுகள் முழுக்கக் கொண்டு போனது.

1818 ஓகஸ்ட்டில் பாடன் அரசுக்கு ஓர் அரசியலமைப்பு கிடைத்தது. அதன்படி இரண்டு அவைகள். கீழவையில் 63 பேர், நகரங்களும் மாவட்டங்களும் தெரிவு செய்தவர்கள். அதிலும் சனம் நேரடியாக வாக்குப் போடவில்லை. முதலில வாக்காளர் குழுவைத் தெரிவு செய்ய, அந்தக் குழுதான் பிரதிநிதியைத் தெரிவு செய்தது. மேலவையில் அரச குடும்பத்து இளவரசர்கள், ஃபுர்ஸ்டன்பேர்க், லைனிங்கன் போன்ற பெருநிலப் பிரபுக் குடும்பங்களின் தலைவர்கள், நிலவுடைமைப் பிரபுக்களின் பிரதிநிதிகள், கத்தோலிக்கத் திருச்சபைக்கும் புரட்டஸ்தாந்துத் திருச்சபைக்கும் ஒவ்வோர் ஆசனம், இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் ஒவ்வோர் ஆசனம். சனத்தின் சுதந்திரத்தையோ சொத்தையோ தொடுகிற எந்தப் புதிய பொதுச் சட்டத்துக்கும் இரண்டு அவைகளிலும் பெரும்பான்மை வேண்டும். அதாவது, காணிச் சுமையை நீக்குகிற சட்டத்துக்கு, அந்தச் சுமையால வாழ்கிறவர்களின் சம்மதமும் வேண்டும்.

அந்தச் சுமை என்ன எண்டு இப்போது சொல்ல வேண்டும். பாடனில் அடிமைக் குடிமுறை 1783இலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. ஆனால் நிலத்தின் மேல் இருந்த கடமைகள் ஒழியவில்லை. பிரபுவுக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்து கொடுக்கிற ஊழியம் ஒன்று. மற்றது தசமபாகம், விளைச்சலில் பத்திலொன்று. தானியத்துக்கு ஒன்று, மரக்கறிக்கும் பழத்துக்கும் ஒன்று, வைனுக்கு ஒன்று. விதைச்செலவையும் கூலியையும் கழித்த பிறகு அல்ல, மொத்த விளைச்சலில்தான் பத்திலொன்று. பசளை போட்டு, கூலி கொடுத்து, கூடுதலாக விளைவித்தவன் கூடுதலாக இழந்தான். ஆரம்பத்தில் திருச்சபைக்கென்று தொடங்கிய இந்த உரிமை, காலப்போக்கில் அரசுக்கும் பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் கைமாறி, விற்கவும் வாங்கவும் சீதனமாகக் கொடுக்கவும் கூடிய தனியார் சொத்தாகிவிட்டது.

ரொட்டெக் 1819இல் மேலவைக்குள்ளே போனார், பிறைபேர்க் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாக. பிரபுக்கள் நிறைந்த அந்த மண்டபத்தில அவர் ஊழியத்தை ஒழிப்பதைப் பற்றிப் பேசினார். அங்கே அவருக்குப் பெரும்பான்மை கிடைக்க வழியே இல்லை. ஆனாலும் அவர் விடவில்லை. 1830இல் பாரிஸில் புரட்சி நடந்தது, பாடனிலும் லெயோபோல்ட் என்ற புதிய பெருங்கோமகன் பட்டத்துக்கு வந்தார். 1831இல் ரொட்டெக் கீழவைக்குத் தெரிவானார். அந்த ஆண்டுக் கூட்டத்தொடரில் நகராட்சிச் சட்டமும் பத்திரிகைச் சட்டமும் வந்தன, பிரபுக்களுக்கான ஊழியமும் நட்டஈட்டோட நீக்கப்பட்டது. தசமபாகத்தை ஒழிக்க வேண்டும் என்ற பிரேரணையைக் கொண்டுவந்தவர் ரொட்டெக்.

பிரேரணை என்றால் உடனே சட்டம் இல்லை. அந்த நாளில் சட்டமூலத்தைக் கொண்டுவரும் உரிமை அரசருக்கு மட்டும்தான். உறுப்பினர் ஒருவர் பிரேரணை வைப்பார். அவை அதை ஒரு குழுவுக்கு அனுப்பும். குழு அறிக்கை எழுதும். விவாதம் நடக்கும். அவை ஏற்றுக்கொண்டால், இப்படியொரு சட்டமூலம் தாருங்கள் எண்டு அரசரிடம் விண்ணப்பிக்கும். அரசாங்கம் கணக்குப் பார்த்து, தனக்கு ஏற்றபடி வரைந்து, அடுத்த கூட்டத்தொடரில் கொண்டுவரும். பிறகு இரண்டு அவைகளும் திரும்ப முதலிலிருந்து. ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று கழிந்துதான் போகும்.

சண்டையின் மையம் ஒரே கேள்விதான்: தசமபாகம் தனியார் சொத்தா, பொது வரியா? சொத்து எண்டால் அரசியலமைப்பு அதைப் பாதுகாக்கிறது, முழு நட்டஈடு கொடுக்காமல் தொட முடியாது. வரி எண்டால், அது சிலருடைய முதுகில் மட்டும் ஏற்றப்பட்ட பொதுச்சுமை, அதை நீக்கும் செலவை நாடு முழுக்கப் பங்கிட வேண்டும். ரொட்டெக் இரண்டாவது பக்கம் நின்றார். வரலாற்றுப் பேராசிரியர் என்பதால் ஓர் உரிமையின் வயதைக் கண்டு அவர் மயங்கவில்லை. பழையது என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

1833 நவம்பர் 15ஆம் திகதி சட்டம் வந்தது. அவர் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆண்டு வருமானத்தின் 20 மடங்கைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம், அதில் ஐந்திலொன்றை அரசு தரும் எண்டு முடிவானது. கணக்கைப் பாருங்கள். ஓர் ஊரின் தசமபாகம் வருடத்துக்கு 50 குல்டன் எண்டு வைத்தால், மீட்புத் தொகை 1000. அரசு 200 தரும், மிச்சம் 800 ஊராருடையது. பதினாறு வருடத் தசமபாகத்தை ஒரேயடியாகக் கட்டித்தான் தங்கட நிலத்தைத் தங்களுக்கென்று ஆக்க முடிந்தது. சுமை தீர்ந்தது, கடன் வந்தது. நாடு முழுக்க இந்த மீட்பு முடிய இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இதற்கிடையில ரொட்டெக் கொடுத்த விலை வேறு. நண்பர் வெல்க்கரும் அவரும் சேர்ந்து நடத்திய பத்திரிகையை 1832இல் தடை செய்தார்கள். பத்திரிகைச் சட்டத்தையும் ஜேர்மன் கூட்டமைப்பின் அழுத்தத்தால் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு இருவரும் பேராசிரியர் பதவியை இழந்தார்கள். 1833இல் பிறைபேர்க் மக்கள் ரொட்டெக்கை நகர முதல்வராகத் தெரிவு செய்ய, அரசாங்கம் அதை ஏற்க மறுத்தது. அவர் வீட்டில இருந்து வெல்க்கரோட சேர்ந்து பெரிய அரசியல் கலைக்களஞ்சியத்தை வெளியிடத் தொடங்கினார். கீழவை ஆசனத்தை மட்டும் சாகும் வரை விடவில்லை.

இவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. அதே கூட்டத்தொடர்களில் யூதர்களுக்குச் சம உரிமை என்ற கேள்வி வந்தபோது ரொட்டெக் எதிராக நின்றார். அவர்கள் முதலில தங்கட தனி வழக்கங்களை விட வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. விவசாயியின் வயலில் அநீதியைக் கண்ட அந்தக் கண், சிறுபான்மையின் வாசலில் அதைக் காணவில்லை. இந்த நாட்டில சிறுபான்மையாக வாழ்கிற நாங்கள் அதையும் சேர்த்தே அவரை நினைக்க வேண்டும்.

1840 நவம்பர் 26ஆம் திகதி, 65 வயதில், பிறந்த ஊரிலேயே அவர் காலமானார். 1848 மார்ச்சில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்து பிரபுக்களின் பதிவேடுகளைக் கொளுத்திய பிறகுதான், பாடனில் மிச்சமிருந்த நிலப்பிரபுத்துவ உரிமைகளும் போயின.

இந்த ஆண்டுகளை இலங்கையோடு வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு ஒற்றுமை தெரிந்தது. பாடனில் பிரபுக்களுக்கான ஊழியம் 1831இல் போனது, இலங்கையில ராஜகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. பாடனில் தசமபாகச் சட்டம் 1833இல், இலங்கைச் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டதும் 1833இல். அந்தச் சபையில 15 பேர், அதில் 9 பேர் அரச அதிகாரிகள், தமிழருக்கு ஓர் ஆசனம். ரொட்டெக் இறந்த அதே 1840இல் அந்தச் சபை 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டத்தை நிறைவேற்றியது. காடும் தரிசும் உரிமை நிரூபிக்கப்படும் வரை முடிக்குச் சொந்தம் எண்டு அது சொன்னது. பிறகு அந்தக் காணிகளைக் கோப்பித் தோட்டத்துக்கு வாங்கியவர்களில் அரச அதிகாரிகளும் இருந்தார்கள். எங்கட விவசாயியின் நெல்வரி 1892 வரை நீடித்தது.

பாடனில் பிரபு தன் உரிமையை விடச் சட்டம் பணம் கொடுத்தது. இலங்கையில உறுதி இல்லாத விவசாயியிடம் சட்டம் சாட்சி கேட்டது. நிரூபிக்கும் பாரம் ஆருடைய தலையில் விழுகிறது என்பதை, அவைக்குள்ளே ஆர் இருந்தார்கள் என்பதுதான் தீர்மானித்தது.

இது பழைய கதை இல்லை. 2025 மார்ச்சில் வடக்கின் நாலு மாவட்டங்களில் ஆறாயிரம் ஏக்கருக்குக் கிட்டிய காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள்ளே உரிமை கோருங்கள் எண்டு ஒரு வர்த்தமானி வந்தது. எதிர்ப்பு எழுந்து, ஜூனில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. உறுதி இடம்பெயர்வில துலைந்தவர்கள், வாரிசுகள் ஐந்து நாடுகளில் சிதறியவர்கள் மூன்று மாதத்தில என்ன செய்வார்கள்? தடை வந்ததோட நிம்மதியாக இருக்கிற ஆக்களுக்கு ஒன்று சொல்வேன். இன்னொரு பேரில, இன்னொரு சட்டமூலமாக அது திரும்ப வரலாம். குடும்பத்தில இருக்கிற உறுதி, தோம்பு, வரிப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் இப்போதே பிரதியெடுத்து, பேரப்பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி எழுதி வையுங்கள். சட்டமூலம் வரைவாக இருக்கும்போதே வாசிக்கிற நாலு பேரை ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் நியமிக்கட்டும். 1819இல் பேசத் தொடங்கிய ஒரு மனிதருக்கு, அரைகுறைச் சட்டம் ஒன்று கிடைக்கவே 14 வருடம் பிடித்தது. நாங்கள் வரைவு வந்த பிறகு பேசத் தொடங்கினால் நேரம் போதாது.