குர்ட் யோஸ்

குர்ட் யோஸ் (ஜனவரி 12, 1901 - மே 22, 1979) ஜெர்மனியைச் சேர்ந்த நடனக் கலைஞரும் நடன அமைப்பாளரும் ஆப்பரா (இசை நாடகம்) இயக்குனரும் ஆவார். பாலே நடனத்தின் ஒழுங்கையும் நவீன நடனத்தின் உணர்ச்சி வெளிப்பாட்டையும் நாடகத்தோடு இணைத்து, நடன நாடகம் என்னும் வடிவத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். 1932 ஆம் ஆண்டு இவர் அமைத்த பச்சை மேசை என்னும் போர் எதிர்ப்பு நடனம் உலகப் புகழ் பெற்றது. அடுத்த ஆண்டே, யூதர்களான தம் சக கலைஞர்களை விலக்க மறுத்ததால் இவர் தாய்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

இளமை

யோஸ் தெற்கு ஜெர்மனியின் வாசரால்ஃபிங்கன் என்னும் ஊரில் பிறந்தார். ஸ்டுட்கார்ட் நகரில் இசையும் நடிப்பும் பயின்ற காலத்தில் நடனக் கோட்பாட்டாளர் ருடால்ஃப் லாபானைச் சந்தித்து, அவருடைய மாணவராகவும் பின்னர் உதவியாளராகவும் பணியாற்றினார். 1924 இல் மூன்ஸ்டர் நகர அரங்கில் சேர்ந்தார். பிற்காலத்தில் இவருடன் நீண்ட காலம் உழைத்த இசையமைப்பாளர் பிரிட்ஸ் கோஹன், நடன ஆசிரியர் சிகுர்ட் லீடர், மேடை ஓவியர் ஹைன் ஹெக்ரோத் ஆகியோர் அங்கே இவருடன் இணைந்தனர். 1927 இல் எஸ்ஸன் நகரில் நிறுவப்பட்ட ஃபோக்வாங் பள்ளியில் நடனத் துறையின் தலைவரானார். எஸ்தோனிய நடனக் கலைஞர் ஐனோ சீமோலாவை மணந்தார்.

பச்சை மேசை

1932 ஜூலை 3 அன்று பாரிஸில் நடைபெற்ற அனைத்துலக நடன அமைப்புப் போட்டியில் பச்சை மேசை முதற்பரிசு பெற்றது. இரண்டு பியானோக்களுக்கான இதன் இசையைக் கோஹன் அமைத்தார். இந்நடனம் எட்டுக் காட்சிகளைக் கொண்டது. முதற்காட்சியில் முகமூடி அணிந்த கறுப்பு உடைக் கனவான்கள் பச்சை விரிப்பிட்ட மேசையைச் சுற்றி வாதிடுகின்றனர். முடிவில் துப்பாக்கிகள் வெடிக்கப் போர் தொடங்குகிறது. தொடரும் காட்சிகளில் போர்வீரர், அகதிகள், தாய், இளம்பெண் என ஒவ்வொருவரையும் மரணம் என்னும் பாத்திரம் அழைத்துச் செல்கிறது. இறுதிக் காட்சியில் அதே கனவான்கள் அதே மேசையில் மீண்டும் பேசத் தொடங்குகின்றனர். இடைக்காலத்தில் வரையப்பட்ட மரண நடன ஓவியங்கள் இப்படைப்பிற்குத் தூண்டுதலாக அமைந்தன. தொடக்கத்தில் மரணம் பாத்திரத்தை யோஸ் அவர்களே ஏற்று ஆடினார்.

நாட்டை விட்டு வெளியேறல்

1933 இல் நாசிக் கட்சி ஆட்சிக்கு வந்ததும், கோஹன் உள்ளிட்ட யூதக் கலைஞர்களைக் குழுவிலிருந்து நீக்குமாறு யோஸ் வற்புறுத்தப்பட்டார். அவர்களை நீக்கியிருந்தால் எஸ்ஸனில் பதவியிலும் புகழிலும் நீடித்திருக்கலாம். யோஸ் அதற்கு இணங்கவில்லை. கைது செய்யப்படும் ஆபத்து நெருங்கவே, குழுவினருடன் எல்லையைக் கடந்து நெதர்லாந்து சென்றார்.

1934 முதல் இங்கிலாந்தின் டார்டிங்டன் ஹாலில் பள்ளி நடத்தினார். அந்நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், முன்னர் இரவீந்திரநாத் தாகூருடன் ஸ்ரீநிகேதனில் பணியாற்றியவர். டார்டிங்டனில் பயின்ற ஆன் ஹட்சின்சன் பச்சை மேசையை லாபான் குறியீட்டில் எழுதி வைத்தார். இசைக்குரிய குறியீட்டைப் போலவே, எந்த உறுப்பு எத்திசையில் எவ்வளவு நேரம் அசைகிறது என்பதைக் காட்டும் எழுத்துமுறை இதுவாகும்.

இங்கிலாந்திலும் யோஸுக்கு அமைதி கிட்டவில்லை. 1940 இல் எதிரி நாட்டவர் எனக் கருதப்பட்டுச் சில மாதங்கள் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். விடுதலைக்குப் பின், சாட்லர்ஸ் வெல்ஸ் ஆப்பராக் குழுவிற்காக மோட்சார்ட்டின் ஃபிகாரோவின் திருமணத்தை இயக்கினார். 1947 இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார்.

பிற்காலம்

1949 இல் எஸ்ஸனுக்குத் திரும்பி மீண்டும் ஃபோக்வாங் பள்ளியில் பொறுப்பேற்றார். இவர் அங்கு அமைத்த நடனக் குழு 1953 இல் நிதியின்மையால் கலைக்கப்பட்டபோதும் கற்பித்தலைக் கைவிடவில்லை. 1955 இல் அப்பள்ளியில் சேர்ந்த பினா பவுஷ் பின்னாளில் நடன நாடகத்தின் மிகப் புகழ்பெற்ற கலைஞரானார். ஷ்வெட்சிங்கன் விழாவில் 1959 இல் பர்செலின் தேவதை அரசியையும், பின்வந்த ஆண்டுகளில் ராமோவின் காஸ்டரும் பொலக்சும் என்னும் ஆப்பராவையும் யோஸ் மேடையேற்றினார். 1968 இல் ஓய்வு பெற்றார்.

மறைவு

வாகன விபத்தில் அடைந்த காயங்களால் 1979 இல் ஹைல்பிரான் நகரில் காலமானார். இவருடைய மகள் அன்னா மார்கார்ட், எழுதப்பட்ட குறியீட்டையும் தந்தையிடம் நேரில் கற்றவற்றையும் கொண்டு, பச்சை மேசையைப் பல நாட்டுக் குழுக்களுக்குப் பயிற்றுவித்தார். இதனால், தான் பிறந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட அந்நடனம் அதை அமைத்தவரின் காலத்திற்குப் பின்னும் உலகின் பல மேடைகளில் ஆடப்பட்டு வருகிறது.