புகழ்ச்சிக்குள் புதிர் வைத்த ஔவையார்

குறுக்கெழுத்துப் புதிர் போடும் நேயர்களுக்கு ஒரு சங்கதி தெரியும். கடினமான குறிப்பு வெளியே ஒன்று சொல்லும். உள்ளே வேறொன்று ஒளிந்திருக்கும். அப்படியொரு புதிரைச் சங்க காலத்திலேயே போட்டவர் ஔவையார். பணயமாக இருந்தது பரிசுப் பணமல்ல, யுத்தம்!

(ஆத்திசூடி பாடியவர் அல்ல, அவர் மிகவும் பிந்தியவர்.)

1965-ல் தனி மாவட்டமான தருமபுரிக்கு அக்காலப் பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஆயுளை வளர்க்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குத் தந்தவன்.

காஞ்சித் தொண்டைமானோடு அவனுக்குப் பகை மூண்டது. ஔவையார் தூது போனார். தொண்டைமான் அவரை ஆயுதசாலைக்கு அழைத்துச் சென்று காட்டினான். பார்த்துப் பயப்படட்டும் என்றுதான்!

ஔவையார் பாடினார். புறநானூற்றில் அது 95-வது பாட்டு. இங்குள்ள வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மனையில் இருக்கின்றனவாம். அதியமான் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றனவாம். கேட்பவனுக்குக் காது குளிரும். ஆனால் முறிந்தது எதனால்? பகைவரைக் குத்தியதால் என்று நடுவிலேயே சாவியையும் வைத்துவிட்டார். பளபளக்கும் வேல் போர்க்களம் கண்டதில்லை என்பதே விடை. வஞ்சப்புகழ்ச்சி என்பார்கள். இதற்கு நிகரான புதிரை நான் கண்டதில்லை.

பின்னாளில் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான். அதியமான் மார்பில் வேல் பாய்ந்து மாண்டான். நெல்லிக்கனி உண்டவர் உயிரோடிருந்து இரங்கற்பா பாடினார். அதில் புதிர் இல்லை.