துப்பாக்கி பிடித்த பக்ஷிசாஸ்திரி

கயத்தாற்றைச் சூழ்ந்த கரிசற் சீமைக்கு வேட்டை புதிதன்று. கன்னி, சிப்பிப்பாறை நாய்களை முயலுக்கென்றே பேணி வளர்த்த சீமை இது. 1799-ல் கட்டபொம்மன் இவ்வூரில் தூக்கிலிடப்பட்டு, 1801-ல் பாளையங்கள் அடக்கப்பட்டபின் குடிகளின் ஆயுதங்கள் பறிபோயின. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்துக்குப் பின் துப்பாக்கி பெரும்பாலும் துரைமார்களின் கைப்பொருளாயிற்று. வேட்டைப் பிராணிகளைக் காக்கவென்று 1877-ல் நீலகிரியில் அவர்கள் ஒரு சங்கமும் கூட்டினார்கள். அம்மலையில் வரையாடு இன்றும் மிஞ்சியிருப்பதில் அதற்குப் பங்குண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காட்டோரத்துக் குடியானவனுக்கு அங்கே நாற்காலி போடப்பட்டதா என்பதே நமது கேள்வி. சுதேசிகளுக்கும் இடமிருந்த சங்கமொன்றில் சிறுவனாய் நுழைந்து, பின்னர் அதையே தாங்கி நின்றவர் ஸாலிம் அலி. அவருடைய சரித்திரத்தை நம்மவர் அறிய வேண்டும்.

அவர் பம்பாயில் 1896-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி பிறந்தார். மூன்று வயதுக்குள் தாய் தந்தையரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். மாமன் தேர்ந்த வேட்டைக்காரர். மருமகனும் காற்றுத்துப்பாக்கி ஏந்திக் குருவிகளைச் சுட்டுத் திரிந்தான். பத்து வயதையொட்டிய பருவத்தில் அவன் வீழ்த்திய சிட்டொன்றின் கழுத்தில் மஞ்சள் தீற்று இருந்தது. இஃது என்ன குருவி, உண்ணத் தகுமா என்று மாமனைக் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. தாம் அங்கத்தினராயிருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

அச்சங்கம் 1883-ல் எண்மரால் நிறுவப்பட்டது. அவர்களில் ஆத்மாராம் பாண்டுரங், ஸகாராம் அர்ஜுன் என்னும் இரு வைத்தியர்கள் நம் நாட்டவர். அக்காலத்துச் சபைகளில் அஃது அரிய காட்சியே. காரியதரிசி மில்லார்டு வெள்ளைக்காரர். எனினும் கையில் செத்த குருவியோடு வந்து நின்ற இந்தியச் சிறுவனை அவர் துரத்தவில்லை. மஞ்சட்கழுத்துச் சிட்டென்று பெயர் சொல்லி, பாடம் செய்து அடுக்கியிருந்த பறவைகளையெல்லாம் காட்டி, படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். அன்று அவர் கதவைச் சாத்தியிருந்தால் தேசம் எதை இழந்திருக்கும் என்பதை வாசகர்களே யோசிக்கட்டும்.

பின்னர் பர்மாவில் சுரங்கத் தொழிலும் மர வியாபாரமும் பார்த்தார், கைகூடவில்லை. பம்பாய் மியூசியத்தில் கிடைத்த உத்தியோகத்தை விட்டு பெர்லின் சென்று ஸ்திரேஸ்மான் என்னும் பண்டிதரிடம் பயின்று 1930-ல் திரும்பினார். வந்து பார்த்தால், பணமில்லையென்று அவ்வுத்தியோகமே எடுபட்டிருந்தது. கடற்கரைக் கிராமமான கிஹீமில் மனைவி தெஹ்மினாவுடன் தங்கித் தூக்கணாங்குருவியின் குடும்ப வாழ்க்கையை ஆராய்ந்து வெளியிட்டார். வேலையற்ற நாட்களில் எழுந்த அவ்வாராய்ச்சியே அவருக்குப் பெயர் தந்தது. சுதேச ஸமஸ்தானங்களின் உதவியோடு ஹைதராபாத், திருவாங்கூர், கொச்சி முதலிய இடங்களில் பறவைக் கணக்கெடுத்தார். 1939-ல் மனைவி மறைந்தார். 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்து, சாமானியனும் பறவைகளை இனம் காண வழி செய்தது.

சுதந்திரம் வந்தபோது சங்கம் பணமின்றித் தள்ளாடியது. ஸாலிம் அலி ஜவாஹர்லாலுக்கு எழுதி உதவி பெற்று அதைக் காத்தார். 1970-களில் கிட்டிய கெட்டி பரிசின் பெருந்தொகையையும் அதற்கே ஈந்தார். பரத்பூர் ஏரியும் அமைதிப் பள்ளத்தாக்கும் பிழைத்ததில் அவர் குரலுக்குப் பங்குண்டு. நமது கோடிக்கரை 1967-ல் சரணாலயமானதிலும் அப்படியே. 1987-ம் வருஷம் ஜூன் 20-ந் தேதி, 90-ம் வயதில் காலமானார்.

அவர் கொல்லாமை விரதியல்லர். ஆராய்ச்சிக்காக ஆயிரக்கணக்கில் பறவைகளைச் சுட்டவர், அதை மறைத்தவருமல்லர். மயில் 1963-ல் தேசியப் பறவையாயிற்று. அப்பதவிக்கு அவர் பரிந்துரைத்ததோ வறண்ட புல்வெளியின் கானமயிலை. கண்ணீரைவிடக் கணக்கை நம்பியவர் அவர். கானமயில் இன்று இருநூறுக்கும் குறைவு. மயிலோ நம் கரிசலில் விதைத்த உளுந்தையும் மக்காச்சோளத்தையும் கொத்தித் தின்கிறது. குடியானவன் மனுக் கொடுத்தால், எத்தனை மயில், எவ்வளவு சேதம் என்ற கணக்கு கேட்கப்படுகிறது. அக்கணக்கு யாரிடம் இருக்கிறது? கயத்தாற்றுக்குத் தென்கிழக்கே வல்லநாட்டில் வெளிமானுக்கென 1987-ல் சரணாலயம் ஏற்பட்டது. அதன் எல்லைக்கு வெளியே மேயும் மானின் தொகையை யார் எழுதிவைக்கிறார்கள்?

1972-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் முயல் வேட்டையும் குற்றமே. நாய் பிடித்துத் தடம் பார்த்த கண்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. புழுக்கையைக் கொண்டே பிராணியின் பெயர் சொல்லும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் வாலிபர்களையும் ஒரு சங்கமாய்க் கூடும்படி அழைக்கிறோம். பம்பாய்ச் சங்கத்தில் எவரும் அங்கத்தினராகலாம். தனியே ஊர்ச் சங்கம் அமைப்பினும் நன்றே. தொடக்கத்துக்குப் பத்துப் பேரும் ஒரு குறிப்பேடும் போதும். ஐப்பசி மழையில் குளங்கள் பெருகி, கார்த்திகையில் வடநாட்டுப் பறவைகள் வந்திறங்குமுன் முதற் கூட்டம் நடைபெறட்டும்.