தொழிலாளர் துணைவர் வாடியா

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டுப் பிற மொழியாரிடையே வாழ்கின்றோம் நாம். நம் மண்ணிற்கு வந்து நம்மவர்க்காக உழைத்த பிற மொழியாளர் ஒருவரை இவ்வாண்டு விழா நாளில் நினைத்தல் நமக்குக் கடன். அவர் பி. பி. வாடியா.

1881இல் பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் தோன்றிய வாடியா, பிரம்மஞான சபைப் பணியின் பொருட்டு அடையாற்றுக்கு வந்தார். தன்னாட்சிக் கிளர்ச்சியில் ஈடுபட்டமையால், 1917இல் அன்னி பெசன்ட் அம்மையாருடன் உதகையில் காவலில் வைக்கப்பெற்றார்.

அந்நாளில் பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளை நடத்தி வந்தது பின்னி என்னும் ஆங்கிலேயக் கம்பெனி. நாள் முழுதும் உழைத்த தொழிலாளர்க்கு உணவு இடைவேளை அரை மணி நேரமே. அவர்தம் துயர் கண்ட வணிகர்களான செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் வாடியாவை நாடினர். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவரானார், திரு. வி. க. துணை நின்றார். வாடியா ஆங்கிலத்தில் பேசுவார். அது தமிழாக்கப்பெற்றுத் தொழிலாளர் செவி சேரும். மொழி வேறாயினும் உள்ளம் ஒன்றாயிற்று. 1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் அனைத்துலகத் தொழிலாளர் மாநாட்டிற்கும் அவர் சென்று வந்தார்.

1920இல் பூசல் முற்றி ஆலைக் கதவு அடைபட்டது. தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டினார் என்று வாடியா மீதும் சங்கத்தார் மீதும் கம்பெனி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. சங்கத்தைக் காக்க அன்று சட்டம் ஏதும் இல்லை. நீதிமன்றம் தடையாணை பிறப்பித்து, இழப்பீடும் விதித்தது. வாடியா சங்கத் தொடர்பை அறுத்துக் கொண்டால் இழப்பீட்டை வற்புறுத்துவதில்லை என்றது கம்பெனி. தாம் வளர்த்த சங்கம் அழியாதிருக்கும் பொருட்டு வாடியா விலகினார். பட்டினி கிடந்த தொழிலாளர்க்கு அஃது எத்துணைப் பெரிய இழப்பு!

ஆயினும் அத்தோல்வி வீண்போகவில்லை. சங்கங்களுக்குச் சட்டக் காப்பு வேண்டுமென 1921இல் மத்திய சட்டசபையில் என். எம். ஜோஷி தீர்மானம் கொணர்ந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. வேலைநிறுத்தத்தின் பொருட்டு ஒப்பந்தம் மீறத் தூண்டினார் என்னும் காரணத்தால் மட்டும் பதிவு பெற்ற சங்கத்தின் மீது உரிமை வழக்குத் தொடுத்தலை அது தடுத்தது. செல்வம் மிக்க அயல்நாட்டுக் கம்பெனியின் முன் ஏழைத் தொழிலாளியும் சட்டத்தின் துணையோடு நிற்க வழி பிறந்தது.

பின்னாளில் ஆன்மிகத்தில் தோய்ந்த வாடியா, 1958இல் பெங்களூரில் மறைந்தார். வந்த ஊரைத் தம் ஊராகக் கொண்டு, அங்குள்ள எளியோர்க்குத் தோள் கொடுத்தார் அவர். நாம் வாழும் இவ்வூர் எளியோர்க்கு நாம் செய்தது யாது? இவ்வினாவை நம் நெஞ்சில் எழுப்புவதே அவருக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.