கோபால் மொழியும் ஹாப்பர் அம்மையாரும்

கோபால் என்றவுடன் மாதுங்காவில் வாழும் பெரியவர் ஒருவரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்று நண்பர்கள் எண்ணிவிட வேண்டா. கோபால் என்பது ஒரு மொழியின் பெயர். மக்கள் பேசும் மொழியன்று. கணிப்பொறிக்கு ஆணையிடும் நிரல்மொழி. வணிகத் துறைக்கு உரிய பொதுமொழி என்பதே அப்பெயரின் விரிந்த பொருள்.

இப்பெயரை நான் முதலில் கண்டது வகுப்பறையில் அன்று. தாராவியில் எங்கள் வீட்டுப் பரணில்! தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்தபோது என் சித்தப்பாவின் பழைய குறிப்பேடு ஒன்று கிடைத்தது. சித்தப்பா தாராவியில் மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். பின்னர் மாதுங்காவில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் பயின்று, ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக அமர்ந்தவர். 1998-இல் செம்பூரில் மாலை வகுப்பு ஒன்றிற் சேர்ந்து கோபால் மொழியைக் கற்றார். எங்கள் குடும்பத்தின் நிலை உயர்ந்தது அதன் பிறகுதான். நான் இன்று பல்கலைக்கழகத்தில் கால் வைத்திருப்பதும் அதனால்தான்.

கணிதப் பட்டம் பெறாத ஒரு தட்டச்சர் கணிப்பொறியின் மொழியைக் கற்றது எங்ஙனம்? நான் கேட்டேன். அந்த மொழி அலுவலகக் கடிதம் போல இருந்தது என்றும், வாக்கியம் முடிந்தால் முற்றுப்புள்ளி வைக்கும் வழக்கங்கூட அதில் உண்டு என்றும் சித்தப்பா சொன்னார். இந்த எளிமை தானாக வந்ததன்று. பலர் கூடி உழைத்து வந்தது. அவர்களுள் முன்னின்றவர், ஒருவர் மறுக்க மறுக்க மற்றொருவரிடம் சென்று வாதாடிய ஒரு பெண்மணி. அவரே கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

அம்மையார் 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் நியூயார்க் நகரிற் பிறந்தார். ஏழு வயதில் வீட்டிலிருந்த அலாரக் கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு, உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்த குழந்தை அவர். வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்று 1928-இல் பட்டம் பெற்றார். 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். பெண்கள் அப்பட்டம் பெறுதல் அரிதாக இருந்த காலம் அது. தாம் படித்த வாசர் கல்லூரியிலேயே ஆசிரியையாக அமர்ந்தார். அந்த ஆசிரியத் தொழில்தான் அவருடைய பிற்கால வாழ்வு முழுவதற்கும் அடித்தளம் என்பது என் எண்ணம்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. அம்மையார் கடற்படையிற் சேர விரும்பினார். வயது மிகுதி, எடை குறைவு என்று மறுத்தார்கள். அவர் விடவில்லை, சிறப்பு அனுமதி பெற்று 1943 டிசம்பரில் சேர்ந்தார். பயிற்சியில் முதல் மாணவியாகத் தேறிய அவரை 1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஹோவர்டு ஐக்கன் என்பவரின் மேற்பார்வையில் மார்க்-1 என்னும் கணிப்பொறி இயங்கிக்கொண்டிருந்தது. 51 அடி நீளம், 8 அடி உயரம்! நம் தாராவியில் அந்த நீளத்துக்குள் எத்தனை குடித்தனங்கள் அடங்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பெருங்கருவிக்கு நிரல் எழுதிய முதற்சிலருள் அம்மையாரும் ஒருவர். அதை இயக்கும் முறையைப் பிறருக்கு விளக்கும் பெரிய கையேட்டை எழுதும் பணியும் அவருக்கே வந்து சேர்ந்தது. 500 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூல் 1946-இல் வெளிவந்தது.

1949-இல் அவர் பிலடெல்பியா நகருக்குச் சென்று, எக்கர்ட், மாக்லி என்னும் இருவர் நடத்திய கணிப்பொறி நிறுவனத்திற் சேர்ந்தார். யூனிவாக் என்னும் கணிப்பொறி அங்கேதான் உருவாயிற்று. நிரல் எழுதுவோர் அந்நாளில் ஒரு சிறு கூட்டத்தார். எண்களும் குறிகளுமாகிய அவர்களுடைய எழுத்தைப் பிறர் படிக்க இயலாது. படிக்க இயலாமையே தங்கள் பெருமை என்று கருதியவர்களும் அவர்களுள் இருந்தார்கள். கோயிற் கருவறைக்குள் சிலர் மட்டுமே செல்லலாம் என்ற வழக்கம் போன்றதுதான் இதுவும்!

அம்மையார் இதை ஏற்கவில்லை. ஒரே கணக்கை ஒவ்வொருவரும் மீண்டும் மீண்டும் கையால் எழுதுவானேன்? எழுதுகையில் பிழை செய்வானேன்? அந்த வேலையைக் கணிப்பொறியே செய்யலாகாதா? இவ்வாறு சிந்தித்து 1952-இல் தொகுப்பி ஒன்றை ஆக்கினார். முன்னரே எழுதி வைத்த சிறு நிரல்களைக் கணிப்பொறியே எடுத்துக் கோத்துக் கொள்ளும் முறை அது. கணிப்பொறி கூட்டும், கழிக்கும். நிரல் எழுதாது என்று பலர் சாதித்தார்கள். செய்து காட்டிய பிறகும் நம்ப மறுத்தோர் உண்டு.

அடுத்து அவர் கேட்டது இதனினும் பெரிது. வணிகக் கணக்கு எழுதுவோருக்குக் கணிதக் குறிகள் பழக்கமில்லை, சொற்கள்தாம் பழக்கம். ஆகவே கணிப்பொறிக்கு ஆங்கிலச் சொற்களால் ஆணையிடலாம் என்றார். கணிப்பொறிக்கு ஆங்கிலம் தெரியாது என்று மேலதிகாரிகள் தள்ளிவிட்டார்கள்.

1955-இல் அவர் ஒரு வேலை செய்தார். சிறு நிரல் ஒன்றை ஆங்கிலச் சொற்களால் எழுதி இயக்கிக் காட்டினார். அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களாலும், பின்னர் ஜெர்மன் சொற்களாலும் எழுதிக் காட்டினார். சொல் என்பது பொறிக்கு ஓர் அடையாளமே. எந்த நாட்டுச் சொல்லாயினும் அதற்கு ஒன்றுதான் என்பதை விளக்கவே இவ்வாறு செய்தார். விளைந்தது வேறு! அமெரிக்காவிற் செய்த கணிப்பொறி அயல்மொழியை அறிவது எப்படி என்று அதிகாரிகள் திகைத்தார்கள். ஆங்கிலத்தை விட்டு அகலேன் என்று உறுதி கூறிய பிறகே அவருடைய பணி தொடர்ந்தது. நண்பர்களே, இந்நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

அப்பணியில் விளைந்தது ஃப்ளோமாட்டிக் என்னும் மொழி. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் பொறிக்கு மட்டும் உரியது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பொறிக்குத் தனிமொழி வைத்திருந்தது. பொறியை மாற்றினால் நிரல்களையெல்லாம் புதிதாக எழுத வேண்டும். 1959 மே 28, 29 ஆகிய நாட்களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமை அலுவலகமாகிய பெண்டகனில் ஏறத்தாழ 40 பேர் கூடினார்கள். அரசினர், கணிப்பொறி செய்வோர், அதைப் பயன்படுத்துவோர் என்று முத்திறத்தாரும் அங்கிருந்தார்கள். அனைவர்க்கும் பொதுவான ஒரு வணிகமொழி வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அதன் பயனாக 1960-இல் பிறந்ததே கோபால்.

அம்மையாரைக் கோபால் மொழியின் தாய் என்று பலர் எழுதுகின்றனர். அது முழு உண்மையன்று. ஜீன் சாமெட் முதலிய பலர் குழுவாக இருந்து வகுத்த மொழி அது. அம்மையார் அறிவுரை கூறும் இடத்தில் இருந்தார். அவருடைய ஃப்ளோமாட்டிக் அதற்கு முன்மாதிரியாக நின்றது. தாயென்பதைவிட, பிறந்த குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் காட்டிய பாட்டி என்பதே பொருந்தும் என்பேன்.

அவ்வாறு காட்ட வேண்டிய தேவையும் இருந்தது. குழுவின் வேலை நத்தைபோல் நகர்வது கண்டு மனம் புழுங்கிய ஒருவர், கோபால் என்று பெயர் பொறித்த கல்லறைக் கல் ஒன்றை வாங்கி, திட்டத் தலைவருக்கே அனுப்பிவிட்டார்! பிறக்கும் முன்பே இறப்புச் சடங்கு! ஆயினும் 1960 டிசம்பரில், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரண்டு கணிப்பொறிகளில் ஒரே கோபால் நிரல் சிறு மாற்றங்களுடன் ஓடிற்று. கோபால் அறியாத கணிப்பொறியை வாங்குவதில்லை என்று அமெரிக்க அரசும் கொள்கை வகுத்தது. எள்ளி நகையாடிய நிறுவனங்களும் பிறகு வழிக்கு வந்தன.

1966-இல் அம்மையாரைக் கடற்படை ஓய்வு பெறச் செய்தது. அடுத்த ஆண்டே, கோபால் மொழியைக் கடற்படை முழுதும் ஒரே சீராகப் புழங்கச் செய்ய ஆறு மாதப் பணிக்கு மீண்டும் அழைத்தது. அந்த ஆறு மாதம் 19 ஆண்டுகளாக நீண்டது! அக்காலமெல்லாம் அவர் ஊர் ஊராகச் சென்று பேசினார். கேட்டவர்கள் நிரல் எழுதுவோர் மட்டுமல்லர். படைத்தலைவர்கள், கணக்கர்கள், கல்லூரி மாணவர்கள், தொலைக்காட்சி பார்க்கும் பொதுமக்கள் என அனைவருமே. கைப்பையில் ஒரு கற்றைக் கம்பித் துண்டுகள் வைத்திருப்பார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 செ.மீ. நீளம். ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கினால், அதில் ஒரு கூற்றுக்குள் ஒளி செல்லும் தொலைவு அது. கூட்டத்தில் உள்ளவர்க்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். விண்ணிலுள்ள செயற்கைக் கோள் வழியாகச் செய்தி வரக் காலம் பிடிப்பது ஏன் என்று படைத்தலைவர் கேட்டால், அங்கும் இங்கும் எத்தனை துண்டுக் கம்பிகள் இடையில் கிடக்கின்றன என்று எண்ணிப் பார்க்கச் சொல்வார். தம் அறையிற் பின்னோக்கிச் சுற்றும் கடிகாரம் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். வழக்கம் என்பதற்காக ஒன்றைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை என்பது அதன் பாடம்.

1986 ஆகஸ்டில், தம் 79-ஆம் வயதில், ரியர் அட்மிரல் என்னும் உயர்பதவியில் ஓய்வு பெற்றார். 1992 சனவரி முதல் நாள் உயிர் நீத்தார். பின்னாளில் ஒரு போர்க்கப்பல் அவர் பெயரைத் தாங்கியது. 2016-இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

கோபால் சொல் மிகுந்த மொழி, அழகற்ற மொழி என்று கணிப்பொறி அறிஞர் சிலர் இகழ்ந்தனர். அது பொய்யென்று நான் வாதாடவில்லை. ஆயினும் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் அதிலேயே கணக்கெழுதின. நம் நகரத்தையே பாருங்கள். டாட்டா குழுமத்தார் 1968-இல் கணிப்பொறித் தொழிலுக்கு நிறுவனம் தொடங்கியது இதே மும்பையில்தான். ஆண்டினை இரண்டே இலக்கங்களாற் குறித்த பழைய நிரல்கள் 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் தடுமாறும் என்ற அச்சம் எழுந்தபோது, அவற்றைத் திருத்தும் வேலை பேரளவில் இந்தியாவுக்கு வந்தது. அந்த அலையில்தான் என் சித்தப்பா செம்பூருக்கு மாலை வகுப்புக்குப் போனார். ஏன், 2020-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்க் காலத்தில் நியூஜெர்சி மாநில அரசு கோபால் அறிந்தோர் உதவிக்கு வருமாறு வேண்டிக் கொண்டது. கல்லறைக் கல் பெற்ற மொழிக்கு அறுபது வயதிலும் அழைப்பு!

இனி, 1955-ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு வருகிறேன். சித்தப்பாவின் குறிப்பேட்டில் முதற்பத்துப் பக்கங்கள் நிரலே அல்ல. ஆட், மூவ், பெர்ஃபார்ம், டிவைட் என்று ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி, எதிரே தமிழிற் பொருள் எழுதியிருக்கிறார். அவருடன் சேர்ந்த தாராவித் தோழர் இருவர் இந்தப் பத்துப் பக்கங்களைத் தாண்ட முடியாமல் வகுப்பை விட்டார்களாம். அவர்களுக்குக் கணக்கு வராமலா நின்றார்கள்? அன்று, ஆங்கிலம் வராமல் நின்றார்கள். தட்டச்சருக்குத் திறந்த கதவு அவருடைய தோழர்களுக்குத் திறக்கவில்லை. பொறிக்கு எம்மொழியும் ஒன்றே என்று அம்மையார் மெய்ப்பித்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. கதவை அடைத்து நிற்பது பொறியன்று, நாம்தான்.

தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத எழில் என்னும் மொழியை ஆக்கித் தந்திருக்கிறார்கள் தமிழர்கள். நம் மன்றத்தில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? ஆர்வலர் சிலரிடையே மட்டும் ஒரு மொழி உலவினால் போதுமா? நல்ல பொருள் தானே பரவும் என்று வீட்டிலிருந்தவர் அல்லர் ஹாப்பர் அம்மையார். அறியாதவரைத் தேடிச் சென்றார். அவர்களுக்குப் பழகிய சொல்லிற் பேசினார். கையில் ஒரு கம்பித் துண்டையும் கொடுத்தார்.

நம் மன்றம் ஆண்டுதோறும் பொங்கல் விழா எடுக்கிறது, பட்டிமன்றம் நடத்துகிறது. மகிழ்ச்சி. அத்துடன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே நிரல் கற்பிக்கலாகாதா? தொண்ணூறு அடிச் சாலைக் கடையொன்றிற் கம்பி வாங்கி, 30 செ.மீ. அளவில் நாற்பது துண்டுகள் நறுக்கி வைத்திருக்கிறேன். என்னுடன் வரும் நண்பர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.